மெழுகு போல நீர் ஒட்டாத, அதாவது நீர்வெறுக்கும் பரப்பைக் கண்டால் நீர் உண்மையிலேயே விலகி ஓடுகிறதா? நானோ அளவில் அங்கே என்ன நடக்கிறது?

விலகி ஓடவில்லை. அந்தப் பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. மெழுகோ டெஃப்ளானோ நீரைத் தள்ளுவதே கிடையாது, எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே இருக்கும் மெல்லிய ஈர்ப்பான வாண்டர்வால்ஸ் விசையால் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் (ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனை ஈர்ப்பது) ஒன்றையொன்று அதைவிட இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன, அந்தப் பிடியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தால் அவற்றுக்கு நஷ்டம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அளவு பற்றிய விஷயம். மீத்தேன் போன்ற சின்ன மூலக்கூறு நீருக்குள் போனால், சுற்றியிருக்கும் நீர் தன் பிணைப்புகளை அறுக்காமலே வளைந்து கொடுத்து அதைக் கூடு போலச் சூழ்ந்துகொள்ளும். இஷ்டப்படி திரும்பும் சுதந்திரம் அங்கே குறைகிறது, அதாவது செலவு என்ட்ரோபியில் (மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு) விழுகிறது. 1945இல் ஃபிராங்க், எவான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பனிப்பாறை என்று வர்ணித்தார்கள், அதற்காக அங்கே ஐஸ் உறைந்து நிற்பதாக நினைத்துவிடாதீர்கள்.

நீருக்குள் போகும் பொருளின் அளவு சுமார் 1 நானோமீட்டரை (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டினால் கதையே வேறு. பரப்பு கிட்டத்தட்ட தட்டையாகிவிடுவதால், நீர் எப்படித்தான் வளைந்தாலும் சில பிணைப்புகளை இழந்தே ஆக வேண்டும், அதனால் காற்றைத் தொடும் நீரின் மேற்பரப்பு மாதிரியே அது நடந்துகொள்ளத் தொடங்குகிறது. லம், சாண்ட்லர், வீக்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1999இல் இதைக் கோட்பாடாகக் கொடுத்தார்கள். அப்படியானால் நீருக்கும் பரப்புக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்குமே என்று தேடினால், எக்ஸ்கதிர் அளவீடுகளில் கிடைத்தது ஒரு மூலக்கூறு அடுக்கின் கனத்துக்கும் குறைவுதான். சராசரி அடர்த்தியை மட்டும் பார்த்தால் முக்கியமானதைத் தவறவிடுவோம் என்பது என் கருத்து: அங்கே நீர் ஓயாமல் தளும்புகிறது, சின்ன வெற்றிடம் ஒன்று சுலபமாகத் திறந்து மூடுகிறது. அப்படிப்பட்ட இரண்டு பரப்புகளை நானோமீட்டர் கணக்கில் நெருக்கினால் இடையிலுள்ள நீர் மொத்தமாக ஆவியாகி வெளியேறி, இரண்டும் ஒட்டிக்கொள்ளலாம். நீண்ட சங்கிலியான புரதம் தனக்குரிய வடிவத்துக்கு மடிவதற்குப் பின்னாலும் நீரின் இந்தக் குணம் இருக்கிறது.

சரி, அப்போது கார்பன் அணுக்களாலான, நீர்வெறுக்கும் நுண்ணிய கார்பன் நானோகுழாய்க்குள் நீர் நுழையவே நுழையாது என்றுதானே தோன்றும்? 2001இல் ஹம்மர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெறும் 0.81 நானோமீட்டர் விட்டமுள்ள குழாயைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தபோது, நீர் உள்ளே போய் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் நின்றன, வழக்கமான நான்கு பிணைப்புகளில் சராசரியாக இரண்டை இழந்த பிறகும். அப்புறம் குழாய்ச் சுவரின் இழுப்பைச் சற்றே குறைத்தார்கள். உடனே குழாய் நிரம்புவதும் காலியாவதுமாக மாறி மாறி ஊசலாடியது. சுவர் இழுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?