மலையை முதலில் ஏறுங்கள், கடலை இடப்பக்கம் வையுங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சனி, ஞாயிறு இரண்டு நாளில் மலையும் கடலும் சேர்த்து ஒரு சுற்று போக ஆசை. போன வழியிலேயே திரும்பக் கூடாது. ஏற்காடு, சேலம், உளுந்தூர்பேட்டை, புதுச்சேரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், வேலூர் வழியாக வீடு என்று யோசித்திருக்கிறேன். பழைய பெட்ரோல் கார். மலையில் அதிகம் ஓட்டியதில்லை. முழங்கால் வலி உள்ள அப்பாவும், வளைவு என்றாலே வாந்தி எடுக்கும் ஏழு வயது மகளும் கூட வருகிறார்கள். சரியாக வருமா?"

இரண்டு நாளுக்கு இது அதிகம். அதைவிட முக்கியம், நீங்கள் திசையை மாற்ற வேண்டும். இதே சுற்றை எதிர்ப்பக்கமாகப் போட்டால் பாதித் தொல்லை தானாகக் குறையும்.

நம் ஊரில் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது. புதுச்சேரியிலிருந்து வடக்கே போனால் கடல் வலப்பக்கம் இருக்கும். கடற்கரைக்குத் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் எதிரே வேகமாக வரும் பஸ், காரை எல்லாம் குறுக்கே தாண்ட வேண்டும். தெற்கு நோக்கி வந்தால் கடல் உங்கள் இடப்பக்கமே வரும், இண்டிகேட்டர் போட்டு அப்படியே ஒதுங்கிவிடலாம்.

அப்புறம், தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் உள்ள தொப்பூர் கணவாய். உங்கள் திட்டப்படி முதல் நாள் காலையிலேயே அந்தக் கணவாயை இறங்குகிறீர்கள். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளை இடித்த செய்திகளைத் தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஓட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பின்னால் வரும் லாரி உங்கள் கையில் இல்லை. மாற்று வழி இருக்கும்போது குடும்பத்தோடு ஏன் அங்கே இறங்க வேண்டும்?

ஏற்காட்டுக்குப் பதில் ஜவ்வாது மலையைச் சொல்வேன். தருமபுரி வந்து திருப்பத்தூர், ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், பிறகு போளூருக்கு இறக்கம். அங்கிருந்து சேத்துப்பட்டு, வந்தவாசி வழியாகச் செய்யூர் வரை ஒரே சாலை, நூறு கிலோமீட்டர் சொச்சம். செய்யூரைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலை, தெற்கே திரும்பினால் இரவு புதுச்சேரி. மறுநாள் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, அரூர், தருமபுரி. மொத்தம் சுமார் 600 கிலோமீட்டர் வரும். மாமல்லபுரம் இதில் இல்லை. அவசரமாகப் பார்க்கிற ஊர் அல்ல அது, தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். கிழக்கே போகிற பாதை, வெயில் கண்ணில் அடிப்பதற்குள் திருப்பத்தூரை நெருங்கிவிடலாம். போளூருக்குக் கிழக்கே நீங்கள் ஓட்டுவது மதியத்துக்கு மேல், அப்போது சூரியன் முதுகுப்பக்கம். பெட்ரோலைத் திருப்பத்தூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே உள்ளது. சுற்றிலும் ஊர் வெளிச்சம் குறைவு என்பதும் இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் அனுமதி நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு, மலையில் ஓர் இரவு தங்கும்படி இன்னொரு முறை வாருங்கள். இந்த முறை வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்துவிட்டு நகருங்கள். ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் வாங்கலாம். பீமன் அருவியில் தண்ணீர் மழையைப் பொறுத்தது, மார்ச்சுக்கு மேல் நம்பிப் போகாதீர்கள்.

இப்போது இறக்கம். மலையில் ஏறுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் பிரேக் போவது இறங்கும்போது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது கியர். எஞ்சின் சத்தம் கூடும், கூடட்டும், வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்த எஞ்சின்தான். வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தமாக ஒரு முறை பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். வழி முழுக்க லேசாக மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும், ஆயில் கொதிக்கும், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது இன்னும் மோசம். கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் செலவாகிறது. கருகல் வாடை வந்தால் சமதளத்தில் ஒதுக்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, இருபது நிமிடம் விடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிவிடும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு எப்போதும் வழி விடுங்கள்.

மகளைப் பின் சீட்டில் முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி உட்கார வைத்து பெல்ட் போடுங்கள். ஏறும் முன் இரண்டு இட்லி போதும். செல்போன் கையில் வேண்டாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்து, 1760-இல் ஆங்கிலேயர் இடித்தது. சாயங்கால வெயிலில் சிதைந்த செங்கல் சுவரும் அதற்கு அப்பால் உப்பங்கழியும் படகுகளும் தெரியும். இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, அரை மணி நேரமாவது கொடுங்கள். காரை மணலில் இறக்காதீர்கள். மரக்காணத்தில் உப்பளங்கள், கோடையில் உப்பு குவித்து வைத்திருப்பார்கள். நான்கு வழிச் சாலைப் பணி நடக்கும் தடம் என்பதால் இருட்டும் முன் புதுச்சேரி சேர்ந்துவிடுவது நல்லது. அங்கே ஊருக்குள் கடலை ஒட்டிய கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை, அதனால் அப்பா நிம்மதியாக நடக்கலாம். திரும்பும்போது மதுபாட்டில் எதுவும் வண்டியில் வேண்டாம், எல்லையில் சோதனை உண்டு.

ஞாயிறு காலை 7 மணிக்குள் கிளம்பினால் சூரியன் மறுபடி முதுகில். செஞ்சியில் ராஜகிரி ஏற்றம் அப்பாவுக்கு வேண்டாம். அடிவாரத்திலேயே கல்யாண மகாலும் களஞ்சியமும் இருக்கின்றன, அவை போதும். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். ஊத்தங்கரையை மூன்றரை மணிக்குள் தாண்டாவிட்டால் அரூரிலிருந்து தருமபுரி வரை வெயில் நேரே முகத்தில் அடிக்கும்.

ஜனவரி, பிப்ரவரி ஏற்ற மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றழுத்தத் தாழ்வு அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடுங்கள். தேதி குறிக்கும் முன் காலண்டரில் பௌர்ணமியையும் பாருங்கள். கிரிவல நாளிலும் கார்த்திகை தீபத்தன்றும் திருவண்ணாமலைக்குள் கார் நகராது. அன்று திரும்ப நேர்ந்தால் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் வழியாக வாருங்கள். அப்போதும் தொப்பூர் வரும், ஆனால் உங்களுக்கு அது ஏற்றமாக இருக்கும்.