"மஜ்லிஸ் லெட்டர் இருக்கு" என்று மரம் வெட்ட வருகிறவரை நம்பலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) உடைத்துவிட்டுக் கட்டிய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறோம். தோட்டக் காலத்து ரோட்டோரம் ஐந்து பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. போன வாரம் ஒருவர் வந்து, "மஜ்லிஸ் லெட்டர் இருக்கு, இலவசமா வெட்டித் தர்றோம், வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும், கோயிலுக்கும் ஏதாவது செய்றோம்" என்றார். என் மாமியார் கையெழுத்துப் போட்டுவிட்டார். வாசலில் லோங்காங், அதாவது வடிகால் கால்வாய், வெடித்திருப்பது உண்மைதான். மரம் விழுந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. வெட்டிவிட்டால் வெயில் தாங்க முடியாதே என்ற கவலையும் இருக்கிறது. அந்த லெட்டரை நம்பலாமா? எப்படித் தடுப்பது?

பதில்: அம்மா, மஜ்லிஸ் என்கிற நகராண்மைக் கழகத்துக் கடிதத்தின் நகல் உங்கள் கைக்கு வரும்வரை அனுமதி என்று ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான அனுமதி வைத்திருப்பவருக்கு நகல் கொடுப்பதில் ஒரு சிரமமும் கிடையாது. கைப்பேசியில் படம் எடுக்கவிடாமல் "ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்று பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பச் சொருகுகிறார் என்றால், அந்த ஆபீஸில் போய்க் கேட்பதுதான் உங்கள் அடுத்த வேலை. உங்கள் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. ஈப்போ பக்கம் என்று நினைத்து ஈப்போ மாநகர் மன்றத்தில் போய் நின்று ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

மாமியாரின் கையெழுத்துக்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அக்கம்பக்கத்தார் போடுகிற கையெழுத்து "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று சொல்வதற்கு மட்டும்தான். தாமானில் உள்ள அத்தனை வீடும் போட்டாலும் அது மரம் வெட்டும் அனுமதி ஆகிவிடாது. இந்த ஆட்கள் அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வாங்குகிறார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் "குடியிருப்பவர்களே கேட்டுக்கொண்டார்கள்" என்று நீட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் இதற்கு உரியது 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். 172-ஆம் சட்டம் என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவருக்குப் புரியும். 1995-இல் அதைத் திருத்தியபோது மரங்களுக்கென்றே ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அதன்படி, ஒரு மரத்துக்கோ ஒரு கூட்டம் மரங்களுக்கோ நகராண்மைக் கழகம் பாதுகாப்பு ஆணை போடலாம். அதிகாரம் கையில் இருக்கிறது, போடத்தான் ஆளைக் காணோம் என்பது வேறு கதை. ஆணை இல்லாத மரமும் அநாதை இல்லை. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதை யாரும் வெட்டக்கூடாது. மீறினால் அபராதம் உண்டு, சிறைகூட உண்டு. நிலத்துக்குச் சொந்தக்காரரும் இதற்கு விலக்கு இல்லை. அந்தப் பழைய ரோடு இன்னும் தோட்டக் கம்பெனியின் கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், இருக்கலாம். அப்படியே இருந்தாலும் கம்பெனியும் அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. "எண்பது சென்டிமீட்டர் அகலம் இருந்தால்தான் சட்டம், உங்க மரம் அவ்வளவு இல்லை" என்பார்கள். எண்பது என்பது அகலம் அல்ல, சுற்றளவு. தையல் நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அரை மீட்டர், அதாவது ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பிடியுங்கள். அடிமரத்தில் பலகை மாதிரி வேர்கள் உயர எழும்பியிருந்தால் அதற்கு மேலே அளக்க வேண்டும். எண்பது சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்தின் குறுக்களவு வெறும் இருபத்தைந்து சென்டிமீட்டர்தான், ஒரு சோற்றுத் தட்டின் அகலம். உங்கள் தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு தையல் நாடா போதாது என்றுதான் நினைக்கிறேன். இரண்டை முடிந்து அளந்து, நாடா தெரிகிற மாதிரி ஒவ்வொரு மரத்தையும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் அடிக்கட்டை மட்டும் மிஞ்சினால், நின்ற மரம் எவ்வளவு பெரியது என்று காட்ட உங்களிடம் இதுதான் இருக்கும்.

விதிவிலக்குகள் சில உண்டு. எல்லாவற்றையும் சொல்லி உங்களைக் குழப்பப் போவதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை முக்கால்வாசி அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைகிறது. செத்த மரத்தையும் சாகிற நிலையில் உள்ள மரத்தையும் வெட்ட அந்த அனுமதி தேவையில்லை. நியாயமான விலக்குதான். ஆனால் மரம் செத்துவிட்டது என்று முடிவு செய்வது யார்? வெட்டிக் காசு பார்க்கப் போகிறவரா? பெரும்பாலும் அவரேதான் முடிவு செய்கிறார். இலை கொட்டியிருக்கிறது, அதனால் செத்துவிட்டது என்கிறார். தோட்டத்தில் பிறந்த நமக்கா இதைச் சொல்வது? பால்மரம், அதாவது ரப்பர் மரம், வருடா வருடம் ஆண்டின் தொடக்க மாதங்களில் மொத்தமாக இலையை உதிர்த்துவிட்டு மறுபடி தளிர்க்கிறது. அதற்காக எந்தக் கண்காணியும் மரம் செத்தது என்று எழுதிக் கொடுத்ததில்லை. தூங்குமூஞ்சியும் நீண்ட வறட்சியில் இலையை இழக்கும். சந்தேகமாக இருந்தால் எட்டுகிற உயரத்தில் இரண்டு மூன்று சிறு கிளைகளின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. எல்லாக் கிளையும் உள்ளே பழுப்பாகக் காய்ந்து, கையால் ஒடித்தால் சட்டென்று முறிகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும்.

இதைவிட மோசமானது, மரத்தைச் சாகடித்துவிட்டு அப்புறம் செத்த மரம் என்று வருவது. மருந்து வைத்து மரத்தைச் சாய்ப்பது தோட்டத்து ஊர்களில் யாருக்கும் தெரியாத வித்தை இல்லை. மறுநடவுக்காகப் பழைய பால்மரங்களை அழித்த கைகள் இன்னும் ஊரில் இருக்கின்றன. ஆகவே இன்றைக்கே ஐந்து மரத்தின் அடியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பட்டையை வளையம் போல உரித்திருக்கிறதா? தரைக்குச் சற்று மேலே பென்சில் நுழைகிற அளவு துளைகள் சாய்வாக இறங்குகின்றனவா? அவற்றைக் களிமண்ணாலோ மெழுகாலோ அடைத்திருக்கிறதா? மரத்தடிப் புல் மட்டும் திடீரென்று கருகியிருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கையால் தொடாமல் படம் எடுங்கள், உடனே போலீஸ் புகார் செய்யுங்கள். புகார் எண் கையில் இருந்தால் மற்ற அலுவலகங்களில் உங்கள் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். அந்த எண் இல்லாமல் போனால் உங்களை உட்காரச் சொல்லவே யோசிப்பார்கள்.

அடுத்தது அந்தக் கடிதம். நகல் கிடைத்தால் மேலே கோப்பு எண்ணும் தேதியும் இருக்கிறதா, எந்த இடம், எத்தனை மரம் என்று எழுதியிருக்கிறதா, கீழே அதிகாரியின் பெயரும் முத்திரையும் உண்டா என்று பாருங்கள். பிறகு மலாயில் எழுதியிருக்கிற ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள். 'பங்காஸ்' அல்லது 'சந்தாஸ்' என்று இருந்தால் கிளை கழிக்கத்தான் அனுமதி. 'தெபாங்' என்று இருந்தால்தான் மரத்தை வெட்டிச் சாய்க்கலாம். கிளை கழிக்க வாங்கிய கடிதத்தைக் காட்டி அடிமரத்தில் ரம்பம் வைப்பது நான் அடிக்கடி பார்க்கிற திருட்டு. வேறு தாமானுக்கு வாங்கிய கடிதம், காலாவதியான கடிதம் என்று இன்னும் பல ரகம் உண்டு. மின்சார நிறுவனமான தெனாகாவின் ஆள் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால், 15454-க்கு அழைத்து உங்கள் பக்கம் கிளை வெட்டும் வேலை இருக்கிறதா என்று விசாரியுங்கள். மின்கம்பியை உரசும் கிளையை அவர்கள் வெட்ட வேண்டியதுதான். மின்கம்பியே போகாத பக்கத்து மரத்தில் அவர்களுக்கு என்ன வேலை?

இலவசம் என்கிறாரே, அதையும் கொஞ்சம் யோசியுங்கள். கிரேன் வாடகை, லோரி, ஐந்தாறு ஆட்களின் கூலி, இத்தனையையும் ஒருவர் உங்கள் லோங்காங் மேல் உள்ள அக்கறையால் செலவழிப்பாரா? முதிர்ந்த தூங்குமூஞ்சியின் அடிமரத்தை அகலப் பலகையாக அறுத்தால் அதை மேசைக்கு வாங்க ஆள் காத்திருக்கிறார்கள். நல்ல நேரான அடித்துண்டை லோரியில் ஏற்றிக்கொண்டு, கிளையையும் குப்பையையும் உங்கள் லோங்காங்கிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். கோயிலுக்குக் கொடுப்பதாகச் சொன்ன பணம் அந்தக் கட்டை விலையில் ஒரு ஓரம். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பின்னால் விசாரணை என்று வந்தால் ரசீதில் கோயில் பெயர் இருப்பது அவர்களுக்கும் நல்லதில்லை.

லோங்காங் வெடித்ததற்கு வருவோம். வேர் நல்ல சிமெண்டைக் குத்தி உடைத்துக்கொண்டு நுழைவது அபூர்வம். ஏற்கெனவே விட்டிருக்கும் விரிசலில் ஈரம் தேடி நுழைந்து, உள்ளே பருத்து, விரிசலைப் பெரிதாக்கும். மரத்தை ஒட்டியே கட்டிய கால்வாய் என்றால் தடித்த வேர் அதைத் தூக்கிவிடவும் செய்யும். இரண்டுக்கும் மருந்து கால்வாயைச் சரியாகப் பழுது பார்ப்பதும், வேண்டுமானால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தள்ளிக் கட்டுவதும்தான். கால்வாய் கட்ட வருகிற குத்தகையாளரை மண்வாரி இயந்திரத்தால் ஒரு பக்கத்து வேரையெல்லாம் அறுக்க மட்டும் விடாதீர்கள். மரத்தைத் தாங்கும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. ஒரு பக்கத்தை அறுத்துவிட்டால் மேலே பச்சைப் பசேலென்று நிற்கும், ஓரிரு வருடம் கழித்து ஒரு சாயங்காலப் புயல்மழையில் சாயும். அன்றைக்கு எல்லாரும் மரத்தைத்தான் திட்டுவார்கள், வேரை அறுத்தவர் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது.

விழுந்துவிடுமோ என்ற உங்கள் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் விழுந்து ஒருவர் இறந்தார், மோனோரயில் பாதையிலும் மரம் சாய்ந்தது. அதற்குப் பிறகு ஆபத்து என்ற சொல்லைக் கேட்டாலே அலுவலகங்களில் பேனா தானாக ஓடுகிறது. வயதானது என்பதால் மட்டும் மரம் ஆபத்தாகிவிடாது. தைப்பிங் ஏரிப்பூங்காவில் நூறு வயதைத் தாண்டிய தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீர் மேல் கை நீட்டிக்கொண்டு நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பார்க்க வேண்டியது வேறு: அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான், ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருப்பது, முன்பு இல்லாத புதுச் சாய்வு, ஆழமான பொந்து. இவை இருந்தால் பயிற்சி பெற்ற ஆர்போரிஸ்ட் (மர நல வல்லுநர்) ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லி நகராண்மைக் கழகத்திடம் எழுதிக் கேளுங்கள். காய்ந்த கிளையைக் கழித்துப் பாரத்தைக் குறைத்தாலே பல மரங்களுக்குப் போதும். தலையை மொட்டையாக வெட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கும். மேலே முளைக்கிற புதுக் கொப்புகள் பட்டையை மட்டும் பிடித்துத் தொங்கும். நிஜமான ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

கோலாலம்பூரில் இருக்கும் உறவினர் வேறு மாதிரி சொன்னால் குழம்ப வேண்டாம். அங்கே திட்டமிடலுக்குத் தனிச் சட்டம், 1982-ஆம் ஆண்டின் 267-ஆம் சட்டம். பேராக்கில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

இனி செய்ய வேண்டியது. அளவுகளும் படங்களும் சேர்த்து ஒரு பக்கக் கடிதம் மலாயில் எழுதுங்கள்: இந்த இடத்தில் ஐந்து மரம், இன்னார் அனுமதி இருப்பதாகச் சொல்கிறார், அப்படி அனுமதி கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் நகல் வேண்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஓர் ஊரில் இதே கேள்வியோடு போனபோது நிலவடிவமைப்புப் பிரிவு என்னைத் திட்டமிடல் பிரிவுக்கு அனுப்பியது, திட்டமிடல் பொறியியலுக்கு அனுப்பியது, பொறியியலில் இருந்தவர் மறுபடி நிலவடிவமைப்பைக் காட்டினார். மூன்றும் ஒரே மாடியில்தான் இருந்தன. ஆகவே யாரிடம் கொடுக்கிறோம் என்பதைவிட, இரண்டாவது பிரதியில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை விழுகிறதா என்பதைப் பாருங்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். அவரை நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. 1965-இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. இருந்தாலும் பதில் சொல்லும் கடமை அவருக்கு உண்டு.

மாமியார் பெயரில் இரண்டு வரி தனியாக எழுதி, விவரம் தெரியாமல் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் கைப்பட ஒப்பமிட்டு அதோடு இணைத்துவிடுங்கள். இதையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். அலுவலகம் பூட்டியிருக்கிற சனிக்கிழமை காலையில்தான் இவர்கள் ரம்பத்தோடு வருவார்கள். அப்படி வந்துவிட்டால் மரத்தடியில் போய் நின்று சண்டை போட வேண்டாம். லோரியின் நம்பர் பிளேட்டைத் தெளிவாகப் படம் எடுத்துவிட்டு நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள்.