காலியம் ஆர்சனைடு குவாண்டம் புள்ளியில் எலக்ட்ரான் சுழற்சி ஏன் இவ்வளவு சீக்கிரம் குழம்புகிறது?

குவாண்டம் புள்ளி என்பது எலக்ட்ரானை அடைத்து வைக்கும் மிகச்சிறு குறைகடத்திச் சிறை; சுழற்சி (spin) என்பது எலக்ட்ரானைக் குட்டிக் காந்தம்போல் ஆக்கும் பண்பு. அடைத்து வைத்திருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான், அதன் சுழற்சியைக் கெடுப்பது யார் என்று கேட்டிருந்தீர்கள். சுற்றியுள்ள அணுக்கருக்கள்தான். காலியத்தின் இரு ஐசோடோப்புகளுக்கும் ஆர்சனிக்குக்கும் கருச்சுழற்சி 3/2, அதாவது பூஜ்யமல்ல, எல்லாமே காந்தம்போல் நடக்கும். சும்மா இருக்கும் கரு ஒன்றுகூட அங்கே கிடையாது. எலக்ட்ரானின் அலை ஏறக்குறைய 10 லட்சம் கருக்கள்மீது படர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டினாலும் சில மில்லிடெஸ்லா காந்தப்புலம் மிஞ்சும். அந்த மிச்சம் அளக்கும் தோறும் வேறாக இருப்பதால், சுமார் 10 நானோவினாடியிலேயே சுழற்சியின் கட்டம் (phase, அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்ற கணக்கு) தொலைந்துவிடுகிறது.

நல்லவேளை, கருக்கள் சோம்பேறிகள், மெதுவாகத்தான் மாறும். 2005இல் ஹார்வர்டில் சுழற்சி எதிரொலி உத்தியால் (பாதி வழியில் சுழற்சியைத் திருப்பிவிட்டு, அதுவரை சேர்ந்த பிழையை ஈடுகட்டும் முறை) கட்டத்தின் ஆயுளை மைக்ரோவினாடி அளவுக்கு நீட்டினார்கள். என்னைக் கேட்டால் பொருளையே மாற்றுவது மேல்: சிலிக்கான்-28க்குக் கருச்சுழற்சியே இல்லை. இயற்கைச் சிலிக்கானில் தொல்லை தரும் சிலிக்கான்-29 சுமார் 4.7%தான், அதையும் பிரித்தெடுத்துவிடலாம்.