மருந்து போட்ட ரோகு, கட்லாவ எப்ப பிடிச்சு விக்கலாம்?

கேள்வி: சார், ஒரத்தநாடு பக்கம் அரை ஏக்கர் குளம், ரோகு கட்லா மிருகால் இருக்கு. உடம்புல செவப்பு திட்டு வந்துச்சுன்னு கடையில ஆக்சிடெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் பவுடர் குடுத்தாங்க, தீவனத்துல கலந்து 10 நாள் போட்டேன், நேத்தோட முடிஞ்சுது. வியாபாரி அடுத்த வாரமே பிடிக்கணும்ங்கறார். தண்ணிய மாத்திட்டா மருந்து போயிடுமா?

பதில்: அடுத்த வாரம் வேணாம்ணே. தண்ணிய மாத்துனா தண்ணில இருக்கறதுதான் போகும், உடம்புக்குள்ள ஏறுனது அதுக்கான நாள் எடுத்துட்டுதான் வெளிய வரும்.

இந்த மருந்துக்கு கால்சியத்தக் கண்டா ஒட்டிக்கிற குணம். கெண்டை மீன் குடல் இத ரொம்பக் கொஞ்சமாத்தான் உறிஞ்சும், மிச்சம் பூரா கழிவோட அப்படியே வந்து சேத்துல உக்காந்துரும், உங்க மிருகால் அந்த சேத்தக் கிண்டித் திங்கிற ஆளு, யோசிச்சுக்கோங்க. ரத்தத்துல ஏறுன கொஞ்சமும் பெருசா செதையாது, ஒண்ணுக்கு வழியாவும் பித்தம் வழியாவும் மெதுவாத்தான் போகும், சதையில குறைஞ்ச பிறகும் எலும்பு, செதில், தோல்ல தங்கி நிக்கும். நம்மூர்ல தோலோடதானே கொழம்பு வைக்கிறோம்! சட்டப்படி கிலோ மீனுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது.

எத்தன நாள்னா அது தண்ணி சூட்டப் பொறுத்தது, மீனுக்கு ஆடு மாடு மாதிரி சொந்தச் சூடு கிடையாது, தண்ணி குளுந்தா மருந்து வெளியேறுறதும் மந்தமாயிடும். ஐரோப்பால 2022 ஆரம்பம் வரைக்கும், மீனுக்குன்னு தனியா காத்திருக்கற காலம் குறிக்காத மருந்துக்கு கொறஞ்சது 500 டிகிரி-நாள்னு (தண்ணி சூட்ட நாள் எண்ணிக்கையால பெருக்குனா வர்றது) கணக்கு வெச்சிருந்தாங்க, அந்தக் கணக்குல தண்ணி 28 டிகிரின்னா 18 நாள், மார்கழில 24க்கு எறங்குனா 21 நாள். அமெரிக்கால இதே மருந்துக்கு 21 நாள் குடுத்திருக்காங்க. என்னக் கேட்டா உங்க குளத்துல சேறும் மிருகாலும் இருக்கறதால ஒரு மாசம் விடுங்க, மருந்துத் தீவனம் நிறுத்துன நாள்லேந்து எண்ணணும். வியாபாரி அவசரப்பட்டா பட்டுட்டுப் போகட்டும்.

இன்னொண்ணு, நோய் முத்துன மீன் தீவனமே எடுக்காது, நல்ல மீன்தான் மருந்தையும் சேத்து தின்னிருக்கும், அதனால பாக்க தெம்பா இருக்கற மீனத்தான் முதல்ல விக்கலாம்னு நெனைக்காதீங்க. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான்னு எந்தப் பவுடராவது கடையில நீட்டுனா வாங்கவே வாங்காதீங்க, மீன் வளர்ப்புல ரெண்டும் தடை, அதுக்கு எத்தன நாள் காத்திருக்கணும்ங்கற கணக்கே கிடையாது.

இப்ப வலை போட்டு நாலு மீன எடுத்து செவப்புத் திட்டு பக்கத்துல உத்துப் பாருங்க. தட்டையா, கண்ணாடி மாதிரி, அரை சென்டிமீட்டர் அளவுல ஏதாவது நகருதுன்னா அது மீன் பேன், அதுக்கு இந்த ஆன்டிபயாடிக் கேக்காது. புண்ணு ஆழமாகி சதை தெரிஞ்சா பூஞ்சைப் புண்ணாவும் இருக்கலாம், அதுக்கும் கேக்காது. எதுவா இருந்தாலும் அடுத்த மருந்து வாங்கறதுக்கு முன்னாடி போட்டோ அனுப்புங்க.