தூங்கி எழுந்தால் நெஞ்சிலும் முதுகிலும் வலி: கேள்வி பதில்

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்ல என்னால் முடியாது. எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம், டாக்டரிடம் எதை விடாமல் சொல்ல வேண்டும், இந்த மூன்றையும் சொல்லலாம். நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்று ஏதாவது இப்போதே இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயசு. மூணு நாளா காலைல எழுந்தா நடு முதுகுல பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. முன்னாடி நெஞ்செலும்பு ஓரத்துலயும் குத்துது. இழுத்து மூச்சு விட்டா அதிகமாகுது. ராத்திரி படுக்கும்போது ஒண்ணுமே இல்ல. ஹார்ட்டா இருக்குமோ?

பதில்: இங்கே கேட்கப்போகும் எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வலி வந்து உங்களை எழுப்பியதா, அல்லது எழுந்து புரண்ட பிறகுதான் வலி தெரிந்ததா? உங்களுடையது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. விலா எலும்புகள் பின்னால் முதுகெலும்போடு மூட்டாகச் சேர்கின்றன, முன்னால் குருத்தெலும்பு வழியாக நெஞ்செலும்பில் முடிகின்றன. ராத்திரி முழுக்க ஒரே பக்கமாகச் சுருண்டு படுத்தால் பின்மூட்டு இறுகிக்கொள்ளும், முன்பக்கமும் சேர்ந்து இழுக்கும். அதனால்தான் ஒரே கோளாறு இரண்டு இடத்தில் வலிக்கிறது. நெஞ்செலும்பின் ஓரத்தில், இரண்டாவது முதல் ஐந்தாவது விலா வரை ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். "இதே வலிதான்" என்று சொல்லும்படி ஓர் இடம் சிக்கினால் குருத்தெலும்பு வீக்கமாக, அதாவது காஸ்டோகாண்டிரைட்டிஸாக இருக்கலாம். சில வாரங்களில் தானாகவே அடங்கும். வெந்நீர் ஒத்தடம், தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும்.

ஆனால் மூச்சு இழுத்தால் குத்துவதெல்லாம் தசைப்பிடிப்பு ஆகிவிடாது. நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தாலும், நுரையீரல் உறையில் காற்று புகுந்தாலும் இப்படித்தான் குத்தும். மூச்சு வாங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கம், சளியில் ரத்தம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, மணிக்கணக்கில் உட்கார்ந்த பயணம், கருத்தடை மாத்திரை, இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: வயது 52. பத்து வருஷத்துக்கு மேலா சர்க்கரை இருக்கு. இன்னைக்கு விடியக்காலை நாலரைக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி முழிப்பு வந்துச்சு. முதுகுக்கும் பரவுச்சு. பனியன் நனையிற அளவுக்கு வேர்வை. இருபது நிமிஷத்துல சரியாயிடுச்சு, இப்ப நல்லாத்தான் இருக்கேன். கேஸ் மாத்திரை போட்டா போதுமா சார்?

பதில்: போதாது. இப்போதே ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். வலி போய்விட்டது என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்ற விளக்கமெல்லாம் பிறகு.

கேள்வி: எனக்கும் நடுராத்திரி நெஞ்சு வலிச்சு முழிப்பு வருது. ஆன்டாசிட் சிரப் குடிச்சா பத்து நிமிஷத்துல சரியாகுது. அப்ப அது கேஸ்தான்னு எடுத்துக்கலாமா?

பதில்: ரொம்பப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மருந்து கேட்டதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. இதயவலி தானாகவே பத்து நிமிடத்தில் அடங்குவதுண்டு, அந்த நேரத்தில் குடித்த சிரப்புக்கு நல்ல பெயர் போய்விடும். எதிர்ப்பக்கமும் நடக்கும். நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், இதயத்துக்கான மருந்து. உணவுக்குழாய் இறுகி வரும் வலியும் அதற்கு அடங்கும். அதனால் ஒருமுறையாவது ஈசிஜி எடுத்து, உங்கள் வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்து டாக்டர் பார்த்த பிறகே "கேஸ்" என்று பெயர் வையுங்கள்.

எதுக்களிப்புதான் என்று உறுதியானால், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்குவதில் பலன் குறைவு, வயிறு மடங்கி அமிலம் இன்னும் மேலே வரும். இடது பக்கமாகப் படுப்பது உதவும்.

கேள்வி: காலைல கேஸ் மாத்திரை பத்திக் கேட்டவர் எங்க அப்பா. ஆஸ்பத்திரியில இருக்கோம். ஈசிஜி நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா இன்னும் சில மணி நேரம் இருக்கச் சொல்றாங்க. அப்பா வீட்டுக்குப் போகணும்னு அடம் பிடிக்கிறார். கூட்டிட்டுப் போயிடலாமா?

பதில்: கூடாது தம்பி. ஈசிஜி என்பது அந்தச் சில விநாடிகளின் பதிவு. வலி இல்லாத நேரத்தில் எடுத்தால் அடைப்பு இருப்பவருக்கும் சுத்தமாக வரலாம். அதனால்தான் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. இதயத் தசை காயப்பட்டால் கசியும் புரதம் அது. காயப்பட்ட உடனே ரத்தத்தில் தெரியாது, ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். ஒருமுறை பார்த்துவிட்டு, இடைவெளி விட்டு மறுபடி பார்த்து, எண் ஏறுகிறதா என்று ஒப்பிடுவார்கள். உங்களை இருக்கச் சொல்வது அதற்காகத்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மழுங்கி, மாரடைப்பே லேசான அசௌகரியமாக வந்துபோவதும் உண்டு. அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மறுபடி நெஞ்சை அடைத்தால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். வலிக்கும்போது எடுக்கும் ஈசிஜிக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: விடியக்காலையிலதான் ஹார்ட் அட்டாக் அதிகமா வரும்கிறது உண்மையா?

பதில்: விடியற்காலையிலிருந்து முற்பகல் வரை அதிகம் என்பது நிஜம். விழிக்கும் நேரத்தை ஒட்டி உடலில் கார்ட்டிசோலும் அட்ரினலினும் ஏறுகின்றன. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் கூடும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். இது தவிர, பெரிய அடைப்பு இல்லாவிட்டாலும் இதயத் தமனி திடீரென்று சுருங்கும் ஒரு வகை இருக்கிறது. 1959இல் பிரின்ஸ்மெட்டல் என்ற மருத்துவர் விவரித்தது. நடுராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில், படுத்திருக்கும்போதே வரும். புகைப்பவர்களிடம் அதிகம். பகலில் மாடிப்படி ஏறினாலும் ஒன்றும் செய்யாது என்பதால் இவர்கள் சொல்வதைப் பல நேரம் யாரும் நம்புவதில்லை.

கேள்வி: அப்ப ஆஸ்பிரின் வாங்கி தலைமாட்டுல வெச்சுக்கலாமா?

பதில்: மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது வழக்கம்தான். ஆனால் நெஞ்சும் முதுகும் சேர்ந்து வலிக்கும்போது எனக்கு ஒரு பயம் உண்டு. பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, சுவருக்குள்ளேயே ரத்தம் புகுந்துவிடும் நிலை அது. வலி மெல்ல ஏறாது. ஆரம்பிக்கும்போதே உச்சத்தில் இருக்கும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கிழிப்பது போல இருக்கும், சில நேரம் கீழ்நோக்கி நகரும். இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் வேறு வேறாகக் காட்டலாம். கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். இதில் ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தக்கசிவு மோசமாகும். ஆகவே முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் போடலாமா என்பதை ஃபோனில் பேசும் அவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயசு. தண்ணி வாளிய தூக்கினதுல இருந்து முதுகு வலி, படுக்கையில புரண்டாலே கத்துறாங்க. விலா வழியா முன்னாடியும் வருது. சுளுக்குன்னு தைலம் தேய்க்கிறோம்.

பதில்: தேய்ப்பதை நிறுத்துங்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வலுவிழந்தவர்களுக்கு இவ்வளவு சின்ன வேலையிலேயே முதுகெலும்பு நசுங்கும். கீழே விழ வேண்டும் என்பதில்லை. உயரம் குறைந்த மாதிரி தெரிகிறதா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாரா என்று யோசித்து வையுங்கள். எக்ஸ்ரே எடுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அது அவசரம்.

கேள்வி: வயசு 26. ஒரு வருஷமா விடியக்காலை மூணு, நாலு மணிக்கு முதுகு வலியில முழிப்பு வருது. எழுந்து நடந்தா பரவால்ல. காலைல ஒரு மணி நேரம் உடம்பே மரக்கட்டை. இப்ப தும்மினா நெஞ்சும் வலிக்குது. ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, எடுத்தா இன்னும் மோசமாகுது.

பதில்: இன்று வந்ததில் நான் இரண்டு முறை படித்த கேள்வி இது. தசைப்பிடிப்பு ஓய்வில் குறையும். உங்களுக்கு ஓய்வில் கூடி, அசைந்தால் குறைகிறது. இளவயதில் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, ராத்திரியின் பின்பாதியில் எழுப்பி, காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம் தரும் முதுகுவலி என்றால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை அழற்சியைத் தேட வேண்டும். விலா மூட்டுகளையும் அது பிடிக்கும், தும்மினால் வலிப்பது அதனால் இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரே ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாது. முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுக்கு எம்ஆர்ஐயும், எச்எல்ஏ-பி27 என்ற மரபுக்குறியைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் வேண்டியிருக்கும். வாத நோய் நிபுணர், அதாவது ருமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்கள். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், அதுவும் இதே நோயின் வேலையாக இருக்கலாம்.

கேள்வி: முதுகுல இருந்து நெஞ்சு வரை ஒரே பக்கமா பட்டை மாதிரி எரியுது. சட்டை பட்டாலே கூசுது. தோல்ல ஒண்ணும் இல்ல.

பதில்: தினமும் கண்ணாடியில் பாருங்கள். அக்கியில் கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே எரிச்சல் தொடங்கும். கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்கினால் நல்ல பலன்.

கேள்வி: ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் நார்மல். ஆனாலும் வாரத்துல ஒரு நாள் படபடன்னு நெஞ்சு வலியோட எழுந்து உட்கார்ந்துடறேன், விரலெல்லாம் மதமதப்பு. வீட்ல "மனசுதான் காரணம்"னு சொல்றாங்க.

பதில்: தூக்கத்திலேயே பேனிக் அட்டாக் வரும். கனவு காண வேண்டியதில்லை. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். வலி நிஜம், நீங்கள் நடிக்கவில்லை. அதற்குச் சிகிச்சையும் உண்டு. ஆனால் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். ஸ்லீப் ஆப்னியாவும் இப்படித் திணறடித்து எழுப்பும், அதை ட்ரெட்மில் காட்டாது.

கேள்வி: என் பையனுக்கு 13 வயசு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இடது நெஞ்சுல ஊசி குத்தின மாதிரி, மூச்சு விட முடியலங்கிறான். ஒரு நிமிஷத்துல விளையாடப் போயிடறான்.

பதில்: வளரும் பிள்ளைகளிடம் சகஜம். ஒரே புள்ளியில் குத்தி, விநாடிகளிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் மறைந்தால் பெரும்பாலும் பிரிகார்டியல் கேட்ச் என்ற தீங்கில்லாத நெஞ்சுப் பிடிப்பு. ஓடும்போது வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.