108-ஐக் கூப்பிட்டால் கேஸ் நம் மேல் வருமா?

கேள்வி: என் மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். "விபத்து நடந்தால் 108-க்கு நீ போன் போடாதே, உன் நம்பர் பதிவாகி மாட்டிக்கொள்வாய், கிளம்பி வந்துவிடு" என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இது சரியா?

பதில்: முழுத் தவறு. அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனதுமே விபத்துப் பதிவேட்டில் எழுதி, போலீசுக்குத் தகவல் கொடுத்துவிடுவார்கள். உங்கள் மகன் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வழக்கு வரும். கூப்பிடாமல் போனால் இன்னொரு குற்றம் சேரும். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

108-ல் யார் மேல் தப்பு என்று விசாரிக்க மாட்டார்கள். எந்தச் சாலை, பக்கத்து ஊர், கிலோமீட்டர் கல், எத்தனை பேருக்கு அடி, நினைவும் மூச்சும் இருக்கிறதா, வண்டிக்குள் யாராவது சிக்கியிருக்கிறார்களா: இவ்வளவு சொன்னால் போதும். அழைத்த நேரம் போனில் இருக்கும். அதை அழிக்கக் கூடாது, அவனுக்குச் சாதகமான சாட்சி அது. "ரத்தமே இல்லை, எழுந்து நடக்கிறார்" என்று விட்டுவிடாதீர்கள். மண்டைக்குள் ரத்தக்கசிவு இருந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, மயக்கம் என்று தெரியவரும். சுற்றி இருபது பேர் நின்றாலும் யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். இருபது பேரும் அப்படியேதான் நினைத்துக்கொண்டு நிற்பார்கள்.

கூட்டம் அடிக்க வந்தால்? சட்டமே அதற்கு விலக்கு தருகிறது. ஆனால் அது அந்த இடத்தில் நிற்க முடியாததற்கு மட்டும்தான். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதற்கு இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி வந்து 108-க்குப் பேச வேண்டும். நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய், விபத்தையும், ஏன் அங்கே நிற்க முடியவில்லை என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு அதிகபட்சம் 24 மணி நேரம். "எங்கள் லிமிட் இல்லை" என்று விரட்டுவார்கள், இந்த வியாதி இன்னும் தீரவில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் நகரக் கூடாது.

புரோக்கர்களிடம்தான் மிகவும் கவனம் தேவை. 108 வருவதற்குள் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் வந்து, கமிஷன் தரும் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போகும். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதை அவர்கள் சொல்லவே மாட்டார்கள். அடுத்து, "பத்தாயிரம் கொடுத்து இங்கேயே முடித்துக்கொள்" என்று ஒருவர் வருவார். பணம் வாங்கியவரே பிறகு இழப்பீடு கேட்டு விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; அன்று உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. இவர்களையெல்லாம் விட மோசமானவர் "ஆள் மாற்றிக் காட்டலாம்", அதாவது வண்டி ஓட்டியது வேறொருவர் என்று சொல்லிவிடலாம் என்பவர். கேமராவும் செல்போன் டவரும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பொய்ச்சாட்சி வழக்கோடு, இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்துவிடும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள்: பாலிசி எண், அதன் காலம், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டுநர் பெயர், லைசென்ஸ் விவரம். போனில் சொன்னது கணக்கில் வராது. பிரேக் இன்ஸ்பெக்டர் (வண்டியைச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்து நடைமுறை முடிந்த 24 மணி நேரத்தில் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 136-வது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷன் வாசலில் வாரக்கணக்கில் துருப்பிடிக்க விடுகிறார்கள். பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள், மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.