மாட்டுக்குப் போட்டுப் பார்க்காமல், தீவனம் எவ்வளவு செரிக்கும் என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தீவன ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாடு வேண்டாம், ஆனால் அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் வேண்டும். வைக்கோலைச் செரிப்பதில் பெரும்பங்கு அவற்றுடையதுதான்.

மதுரையில் நாங்கள் விடிகாலையில் ஆட்டுத்தொட்டிக்குப் போய்விடுவோம். ஆடும் மாட்டைப் போல அசைபோடுவதுதான், அதன் வயிற்றிலும் இவை உண்டு. அப்போதுதான் அறுத்த ஆட்டின் பெருவயிற்றைக் கிழித்து, உள்ளே இருப்பதைத் துணியில் பிழிந்தால் பச்சையாகச் சாறு வரும். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய பிளாஸ்கில் வாய்வரை நிரப்ப வேண்டும். சூடு குறைந்தாலும் காற்றுப் பட்டாலும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். நாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகிவிடும்.

பழைய முறை 1963-ல் டில்லி, டெரி என்ற இரு ஆங்கிலேயர்கள் சொன்னது. தீவனத்தை இந்தச் சாற்றில் 48 மணி நேரம், பிறகு அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் சேர்த்து இன்னொரு 48 மணி நேரம் ஊறவைத்து, மிஞ்சியதை எடை போடுவது. நம்பகமானது, ஆனால் நாள் பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது ஜெர்மனியில் மென்கே குழு 1979-ல் வெளியிட்ட சிரிஞ்ச் முறை. 100 மில்லி கண்ணாடி சிரிஞ்சில் 200 மில்லிகிராம் தீவனத் தூள். அதோடு 10 மில்லி சாறும், உமிழ்நீருக்குப் பதிலாக 20 மில்லி உப்புக் கரைசலும். 39 டிகிரியில் வைத்தால், நுண்ணுயிர்கள் தீவனத்தைச் செரிக்கச் செரிக்க வாயு கிளம்பி, வாசலின் தடவிய தண்டு மெல்ல மேலே ஏறும். 24 மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்று படித்து, தீவனமே போடாத சிரிஞ்சின் அளவைக் கழித்துக்கொள்வோம்.

அப்புறம், வாயு அளவை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். கடலைப் புண்ணாக்கு நன்றாகச் செரிக்கும், ஆனால் புரதத்திலிருந்து வாயு குறைவாகவே வரும். அதனால்தான் கணக்கில் புரத அளவையும் சேர்க்கிறார்கள். கருவேல நெத்தில் சிக்கல் வேறு: அதிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நுண்ணுயிர்களின் வேலையைத் தடுத்துவிடும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அது டானினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்டு கூடுதலாக ஏறும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் டானின் எவ்வளவு கெடுத்தது என்று காட்டும்.

எந்தத் தீவனம் எதைவிட மேல் என்று வரிசைப்படுத்த இது போதும். உங்கள் மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. எவ்வளவு தின்னும் என்பது சிரிஞ்சுக்குத் தெரியாதே.